வீட்டோ மட்டுமா காரணம்?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி, அவளிடம் சொல். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எதுவும் தனியாகவே ஒரு தீர்மானத்தைத் தடுத்துவிடக்கூடிய வீட்டோ அதிகாரத்தை ஒழித்தால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் துட்சி இன மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது யாரும் வீட்டோ போடவில்லையே! அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையில் பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21 அன்று கவுன்சில் ஒருமனதாக அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது. ஊரே பிணக்காடான பிறகு, மே 17 அன்று, 5,500 பேர் வரை அனுப்பலாம் என்று தீர்மானம் போட்டது. ஆனால் ஆள் தர நாடுகள் முன்வரவில்லை. ஜூலையில் படுகொலை ஓய்ந்தபோதும் அந்தப் படை போய்ச் சேரவில்லை. அமைதிப்படையின் தளபதி டலேர் மிஞ்சிய சில நூறு பேரை வைத்துக்கொண்டு முடிந்தவர்களைக் காப்பாற்றினார். இத்தனைக்கும் அந்த ஆண்டு கவுன்சிலில், படுகொலையை நடத்திய ருவாண்டா அரசும் ஓர் உறுப்பினர். நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

உறுப்பு நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து கவுன்சிலுக்குப் படை தர வேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 43ஆம் பிரிவு. இன்றுவரை ஒரு நாடுகூட அப்படி ஒப்பந்தம் செய்யவில்லை. ஒவ்வொரு நெருக்கடியிலும் ஐ.நா. கையேந்தித்தான் நிற்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஒருவர்மீதான தாக்குதல் அனைவர்மீதுமான தாக்குதல் என்று சொல்லும் நேட்டோ ஒப்பந்தத்தின் அதே 5ஆம் பிரிவு, என்ன உதவி செய்வது என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது.

அதற்காக, நாடுகளை மீறிப் போகும் அதிகாரத்தை இந்த அமைப்புகளிடம் கொடுத்துவிடவும் எனக்கு மனமில்லை. 2023இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் அரசு வெளியேறச் சொன்னதும், அங்கே பத்தாண்டு இருந்த ஐ.நா. அமைதிப்படை அந்த ஆண்டு முடிவதற்குள் கிளம்பியது. அங்கிருந்த மக்களை எண்ணினால் வருத்தம்தான். ஆனால் வலிய நாடுகள் அமைதியின் பெயரால் உள்ளே நுழையாமலிருக்க, சிறிய நாட்டுக்கு, படை இருக்க அதன் சம்மதம் வேண்டும் என்ற அந்த நடைமுறை ஒன்றுதான் காப்பு.

நான் கேட்பது ஒன்றே: தீர்மானத்துக்குக் கை தூக்கும் நாடு, எத்தனை வீரர், எவ்வளவு பணம் தரும் என்பதை அதே அமர்வில் பதிவு செய்ய வேண்டும். தராவிட்டால் அந்நாட்டு நாடாளுமன்றமே அரசைக் கேள்வி கேட்கட்டும். இது நடக்குமா? உன் எண்ணத்தை விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்