இஷாப்பூர் ரைஃபிளைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கும் பெரிய துப்பாக்கிக் கண்காட்சிக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். சுடுவதில் ஆசையில்லை, அந்தக் காலத்து இரும்பு வேலைதான் என்னை இழுக்கிறது.

இப்போது விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. 2010 வாக்கில் 100 டாலர் சுமாருக்குக் கிடைத்த மோசின்-நகான்ட் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் இன்று பல மடங்கு ஏறிவிட்டது. போர்க்காலச் சரக்கு வற்றிவிட்டது. 2021-இல் ரஷ்ய இறக்குமதிக்கும் அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் அமெரிக்க ரைஃபிளான வின்செஸ்டர் 94 என்றால், 1964-க்கு முந்தையதற்குத்தான் மவுசு. அந்த ஆண்டில் செலவைக் குறைக்க உற்பத்தி முறையையே மாற்றினார்கள். லீவரை ஒருமுறை இழுத்தாலே வித்தியாசம் கைக்குத் தெரியும்.

விலை ஏறட்டும். பழையதைப் பாலிஷ் போட்டு, மறுபடி புளூயிங் (துருவைத் தடுக்க இரும்பின் மேல் ஏற்றும் கருநீல மெருகு) ஏற்றி, ‘அசல்’ என்று விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். வாங்குபவர்கள் முத்திரை எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, ஸ்க்ரூ தலை சிதைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

போன முறை ஒரு மேசையில் மேற்கு வங்கத்தில் உள்ள நம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 2ஏ1 ரைஃபிளைப் பார்த்தேன். 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 மி.மீ. தோட்டாவுக்கென்று நம்மவர்கள் செய்தது. அதன் அசோகச் சிங்க முத்திரை பாதி தேய்ந்து, மேலே புதுப் பளபளப்பு! மனசே ஆறவில்லை. இங்குள்ள நம்மவர் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள். எண்ணெய் மட்டும் தடவி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டல்சா, ஓக்லஹோமா