நிலாக் காட்டிய மாலைகளுக்கு ஒரு நன்றி மடல்

வள்ளியூர், பணகுடி, உவரி வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், ஒரு தொலைநோக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நிலாவைக் காட்டவும் விண்வெளி பற்றிப் பேசவும் புறப்பட்ட எனக்கு உதவியவர்களுக்காக இம்மடலை எழுதுகிறேன். தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைத்துத் தந்தவருக்கும், பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு அனைவருக்கும் சுக்குக்காப்பி கொடுத்த டீக்கடைக்காரருக்கும் முதல் நன்றி.

பேசுவது எனக்குப் புதிதன்று. ஆனால் தேர்வு இல்லாத கூட்டத்தில் பேசுவது எப்படி என்பதை நீங்கள்தான் கற்றுத் தந்தீர்கள். சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும்) எஞ்சின் 2023 பிப்ரவரி 24 அன்று நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் 25 விநாடி எரித்துச் சோதிக்கப்பட்டது என்று பெருமையாகத் தொடங்கி, ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம் கலம் செப்டம்பர் 4 முதல் 'உறங்குகிறது' என்று முடிப்பது என் வழக்கமாக இருந்தது. பணகுடியில் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "பொறவு எப்பம் முழிச்சுது?" என்று கேட்டார். கலம் சூரிய ஒளியில் இயங்குவது, நிலவின் இரவு நமக்குப் பதினான்கு நாள், அந்தக் கடுங்குளிருக்குப் பின் பொழுது விடிந்தபோது கூப்பிட்டும் பதில் வரவில்லை என்று விளக்கினேன். "அப்பம் வேலைய முடிச்சிட்டு செத்துப்போச்சுன்னு சொல்லுங்க வாத்தியாரய்யா, தூங்குதுன்னு ஏன் சொல்லுதிய?" என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னபடியே சொல்கிறேன். அவருக்கு என் தனி வணக்கம்.

உவரிக் கடற்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் இருக்கையில் குலசேகரன்பட்டினத்தில் இன்னொன்று எதற்கு என்ற கேள்வி வந்தது. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து செல்வதால் எரிபொருள் வீணாகிறது, குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம் என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் மணலில் விரலால் வளைகோடும் நேர்கோடும் கீறி, "சுத்திப் போனா டீசல் கூடும்லா, வள்ளத்துல மீனுக்கு எடம் கொறையும்லா" என்று முடித்துவிட்டார். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. அவரைக் கேட்காமலே அந்த உவமையை ஊரெங்கும் பயன்படுத்தி வருகிறேன், பொறுத்தருள்க.

நிறைவாக, வெல்டிங் பட்டறை நண்பருக்கு. கடையில் வாங்கிய தாங்கி காற்றில் ஆடி, முதல் நாள் நிலா கண்ணுக்குள் நிற்காமல் துள்ளியது. அவர் இரண்டே நாளில் இரும்பில் கனத்த தாங்கி ஒன்று அடித்துத் தந்தார். கூலி வேண்டாம், பேரனுக்குச் சனியின் வளையத்தைக் காட்டினால் போதும் என்றார். 2025இல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றதால் சிறுவனுக்கு மெல்லிய கோடுதான் தெரிந்தது, "இது வளையமா?" என்று கேட்டுவிட்டான். வரும் ஆண்டுகளில் அது விரிந்து தெரியும். அதுவரை அந்தக் கூலி பாக்கி.

நன்றியுடன்,
தொலைநோக்கி வாத்தியார்