சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே,

வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளை விடாமல் படித்துவரும் வாசகி நான். பரிசுக் கதைகளில் ஒரு பெண் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்படுகிறாள். அவள் வேலைக்குப் போகிறவள். பதவி உயர்வு கிடைத்த கையோடு பிள்ளையின் மதிப்பெண் சரியும். மாமியார் முதியோர் இல்லத்துக்குப் போவார். கடைசிப் பத்தியில் அவள் அழுதுகொண்டே வேலையை விடுவாள். அதே நேரத்துக்கு அலுவலகம் போய்வரும் கணவன்மீது ஒரு சொல்லும் விழாது. அந்த மாமியார் அவனைப் பெற்றவர்தானே? அவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை மருமகளுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்கும் கதை எனக்கு அரிதாகவே கிடைக்கிறது.

1961இல் இயற்றப்பட்ட மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்ச் சட்டம், குடும்பத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை தந்தது. 2025 ஏப்ரல் முதல், தகுதியுள்ள தந்தையருக்குச் சம்பளத்துடன் 4 வார விடுப்புத் தருவது முதலாளிகளின் கடமை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கைக்குழந்தையோடு வரிசை எண்ணுக்காகக் காத்திருக்கும் அப்பாவை நாம் எல்லாரும் பார்க்கிறோம். கதைக்குள் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கதைகளில் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்ணின் நிலை இன்னும் மோசம். ஒன்று, அவள் குடும்பத்தைக் குலைக்க வந்தவள். இல்லையென்றால், தேநீர் கொண்டுவரும் ஒரு கை. மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாள் அவளுக்கு உண்டு என்பது 2023 முதல் நடப்பில் உள்ள விதி. அந்த நாளில் அவள் எங்கே போகிறாள், யாரோடு சிரிக்கிறாள், ஊரில் அவள் பிள்ளையை யார் வளர்க்கிறார்கள்? வேலைக்குப் போகும் பெண்ணின் கதையை இவளை விட்டுவிட்டு எப்படி முழுதாகச் சொல்ல முடியும்?

ஒடுக்கும் குடும்பங்களை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் ஒடுக்குமுறையைக் காட்டும் கதை வேறு, அதற்குத் தலையாட்டும் கதை வேறு. இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ சிறுகதைத் தொகுப்புக்கு 2008இலேயே சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது.

உங்கள் தீர்ப்புரையை அடுத்த ஆண்டு எழுத வருபவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். ‘குடும்பப் பாங்கான கதை’ என்று நீங்கள் பாராட்டினால், அதே அழுகை மறுபடியும் உங்கள் மேசைக்கு வரும். தேர்ந்தெடுத்த கதையில் யார் எதற்காகத் தண்டிக்கப்படுகிறார், அந்தத் தண்டனையைக் கதை ஏற்கிறதா என்பதையும் தீர்ப்புரையில் எழுதுங்கள். பரிசு பெற்றவரின் முன்னிலையிலேயே அதைப் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி