உறுதி முடிக்கும் நாள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்காக ஆரையம்பதியில் வீடு பார்த்து, தை பிறந்ததும் உறுதி முடிக்க, அதாவது விற்பனைப் பத்திரத்தில் ஒப்பமிட, நாள் குறித்திருக்கிறாய் என்று அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே மாரி இன்னும் ஓயவில்லை. மழை விட்ட ஒரு நாளில் அந்த வளவுக்கு நானே போய், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அந்த நாளில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தாய். உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் மேசையைச் சுற்றி யார் யார் இருக்கவேண்டும் என்பதையே நீ முதலில் கவனிக்கவேண்டும். நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதையும், அதை எழுதிக்கொடுக்கும் தாய் தகப்பன் பலர் தாம் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்வதையும் நீ அறிவாய். நான் இந்த வீட்டை வாங்கியபோது விற்றவரும் அவருடைய கணவரும் மட்டுமே வந்திருந்தார்கள். முந்திய உறுதியை எடுத்து வாசித்தபோதுதான் தாயாரின் சீவிய உரித்து அதில் இருப்பது தெரிந்தது. அன்று காரியம் நின்றுபோயிற்று. இரண்டு கிழமைக்குப் பிறகு, நடக்க இயலாத அந்த அம்மாவை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள்; ஒப்பமிடும் முன் அவர் மகளைப் பார்த்து, "இனி நான் எங்கே இருப்பேன்?" என்று கேட்டார். மகள் தன் புதிய வீட்டில் அவருக்கென ஒதுக்கிய அறையைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை நான் பேனையை அவரிடம் நீட்டவில்லை. ஆகவே, விற்பவரின் பெற்றோர் இருக்கிறார்களா, அவர்களுக்கு உரித்து ஏதும் உண்டா என்று இப்பொழுதே கேள். வெளிநாட்டிலிருக்கும் சகோதரருக்கும் பங்கு இருந்து, அவருக்காக வேறொருவர் அற்றோணித் தத்துவத்தின்பேரில், அதாவது தமக்காகச் செயற்பட அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தின்பேரில், ஒப்பமிடுவதானால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் உறுதிசெய்துகொள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவம் செல்லாது.

மூல உறுதிக்குப் பதிலாகப் பிரதியைக் காட்டினால் காரணம் கேட்கத் தயங்காதே. 2004 சுனாமியில் மூல உறுதியைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் கரையோரத்தில் உண்டு. ஆனால் மூல உறுதி வங்கியில் ஈடாகக் கிடப்பதும் உண்டு. காணிப் பதிவகத்துப் பதிவேட்டை, குறித்த நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாக மறுபடியும் பார்க்க நொத்தாரிசிடம் சொல். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டு, மின்சார, தண்ணீர்ப் பட்டியல்கள் ஆகியவற்றில் நிலுவை இருந்தால் ஒப்பத்துக்கு முன்பே விற்பவரைக் கட்டச் சொல்.

செலவு பற்றியும் எழுதியிருந்தாய். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். ஒரு கோடி ரூபாய் வீடென்றால் 399,000 ரூபாய். வழமையில் அது வாங்குபவரின் பொறுப்பு. நொத்தாரிசின் கட்டணம் வேறு. தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் இணங்காதே. தீர்வை சந்தைப் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுவது, பின்னர் மதிப்பீடு கூடினால் மிகுதியை நீயே கட்டவேண்டிவரும். வீட்டுப் பணத்தை வங்கிக் காசோலையாகக் கொடு. அது தம் முன்னிலையில் கைமாறியதா என்பதையும் நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சியில் எழுதுவார்.

உறுதியை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேள். நான்கு எல்லைகளையும் காணியின் பரப்பைக் குறிக்கும் பேர்ச் அளவையும் நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடு. அடையாள அட்டை இலக்கங்களையும் மகளின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கவே ஒப்பம் வைக்கவேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாட்சி பிறகு வந்து ஒப்பமிடுவார் என்ற பேச்சுக்கு இடம் கொடாதே.

திறப்புகளை வாங்கிக்கொண்டு அன்றே பால் காய்ச்ச உன் வீட்டுக்காரிக்கு ஆசை இருக்கும், காய்ச்சட்டும். ஆனால் அதே காணியை வேறொருவருக்கும் எழுதி, அந்த உறுதி முதலில் பதிவாகிவிட்டால் நாம் வழக்காட வேண்டிவரும். அதனால் உன் உறுதியின் இணைப்பிரதி (நொத்தாரிசு பதிவுக்கு அனுப்பும் இரண்டாம் படி) பதிவகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் இங்கிருந்து விசாரிப்பேன். ஒப்பம் முடிந்த அன்று மாலையே உறுதியின் இலக்கத்தை எனக்கு அறிவி.

உன் அன்பு நண்பன்