கட்டுப் போடுமுன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலில் ஆறாத புண் என்றால் சர்க்கரைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியே எட்டு மாதத்தைத் தொலைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு பாலிசைதீமியா வேரா என்றார்கள். மஜ்ஜையில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உற்பத்தியாகி ரத்தம் கெட்டியாகிவிடும். மெதுவாகப் போகும் ஒரு ரத்தப் புற்றுநோய். அவ்வப்போது கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிடுவார்கள். அதோடு தினமும் ஹைட்ராக்ஸியூரியா 500 மில்லிகிராம் கேப்சூல் இரண்டு. நன்றாகத்தான் இருந்தார்.

போன வருடம் இடது கணுக்கால் எலும்பின் மேல் ஒரு புண் வந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். ஆனால் ஃபேன் காற்று பட்டாலே பல்லைக் கடிப்பார். போர்வை நுனி படக்கூடாதென்று ராத்திரி முழுக்கக் காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பார். போன இடத்தில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. நரம்புச் சுருட்டாக இருக்கும் என்று இறுக்கமான காலுறை கொடுத்தார்கள். வலி கூடியதுதான் மிச்சம். வாரம் மூன்று கட்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரத்தத்துக்குச் சாப்பிடும் கேப்சூலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கடைசியாகப் பார்த்த தோல் டாக்டர், கட்டைப் பிரிக்குமுன் மாத்திரை அட்டைகளை மேஜையில் வைக்கச் சொன்னார். பார்த்ததும் கேப்சூலில் விரலை வைத்தார். வருடக்கணக்கில் இதைச் சாப்பிடும் சிலருக்குக் கணுக்காலில் இப்படி வருமாம். புண் சிறிதாகவும் வலி பெரிதாகவும் இருக்குமாம். ரத்தநோய் டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றினார்கள்.

வலிக்கு லேசர் வைக்கலாம் என்றதும் உறவுக்காரர்கள் பதறினார்கள், "புத்துநோய்க்காரரைச் சுடுவாங்களா?" என்று. இது சுடுகிற, வெட்டுகிற லேசர் இல்லை. குறைந்த சக்தியுள்ள சிவப்பு ஒளி. 1967-இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த சுண்டெலிகள் மேல் லேசரைக் காட்டியபோது முடி வேகமாக வளர்ந்ததாம். அங்கே தொடங்கிய வைத்தியம். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு வாய்ப்புண்ணைத் தடுக்கவும் இதைக் காட்டுகிறார்கள். எங்கள் இருவருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். பத்து நிமிடம், சூடுகூட இல்லை. "டார்ச் அடிக்கிறதுக்கா காசு?" என்று வெளியே வந்து முணுமுணுத்தார். ஐந்தாவது தடவைக்கு அப்புறம் ஒரு ராத்திரி பார்க்கிறேன், காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு குறட்டை விடுகிறார்.

லேசர்தான் புண்ணை ஆற்றியது என்று சொல்லமாட்டேன். கேப்சூலை விட்டு நாலு மாதம் கழித்துத்தான் மூடியது. அந்த நாலு மாதத்தில் அவரைத் தூங்கவைத்தது அந்தச் சிவப்பு ஒளி என்பது மட்டும் என் எண்ணம்.

இந்தக் கேப்சூலை எழுதிக்கொடுக்கும்போதே, "கணுக்காலில் புண் வந்தால் உடனே வந்து காட்டுங்கள்" என்று சீட்டில் தமிழில் ஒரு வரி எழுதினால் என்ன? புண்ணுக்குக் கட்டுப் போடும் இடங்களிலும் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கேப்சூலை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் கெட்டியானால் பக்கவாதம்வரை போய்விடும். டாக்டர் மாற்றுமருந்து தந்த பிறகே என் கணவரும் விட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.