பழனிச்சாமிக்கு, மிஸிஸிப்பிக் கரையிலிருந்து

நியூ ஆர்லியன்ஸ்
நவம்பர் 2025

அன்புள்ள பழனிச்சாமி,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நடைப்பயிற்சியை விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தங்கச்சி போனில் சொன்னாள். வாய்க்கால் மேட்டில் காலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும், விட்டுவிடாதே. பேத்திக்கு நீங்கள் நினைத்த பள்ளியிலேயே இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

எனக்கு நாளை இரவு விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. இங்கே பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் ஊருக்கு வர முடியாது என்று தோன்றியது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எல்லாம் கரும்பு சம்பந்தப்பட்ட விஷயம் வேறு. ஒரு காலத்தில் உங்கப்பா ஆலைக் கொட்டகையில் சூடான பாகுக்காக நாம் இருவரும் கொட்டாங்குச்சியோடு உட்கார்ந்திருப்போம். அப்புறம் நீ முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில் சாறு காய்ச்சும் பாய்லிங் ஹவுஸில் நின்றாய். இதைப் புரிந்துகொள்ள உன்னைவிட ஆள் யார்?

மாநாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல நாட்டுப் பயண எழுத்தாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், சுற்றுலாத் துறைக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் அறிமுகத்திலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் மதியம் ஒரு அமர்வு. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இருக்கும் பழைய பண்ணை மாளிகைகளை எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு. அதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

‘பிளான்டேஷன்’ என்ற சொல்லை நான் எப்படித் தமிழில் எழுதுவது என்று அங்கேயே யோசனை வந்துவிட்டது. ‘தோட்டம்’ என்றால் பூவாசம் அடிக்கிறது. ‘பண்ணை’ என்றால் பண்ணையார், பண்ணையாள் என்று மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் சேர்ந்தே காதில் விழுகிறார்கள். அதனால் பண்ணை என்றே எழுதப் போகிறேன். ஆனாலும் அந்தச் சொல் முழுவதையும் தாங்காது. நம் ஊரிலும் ஆளை விற்று ஓலை எழுதிய காலம் உண்டுதான். இங்கே அது கப்பலும் ஏலமும் வங்கிக் கடனும் சேர்ந்த பெரும் வியாபாரமாக நடந்திருக்கிறது. இறந்துபோன பண்ணைக்காரரின் சொத்துப் பட்டியலில் மாடு, கலப்பை, கொப்பரை என்று எழுதுகிற அதே பேப்பரில் மனிதர்களின் பெயர், வயது, விலை எழுதியிருக்கிறார்கள்.

அமர்வில் ஒரு கறுப்பினப் பெண் எழுத்தாளர் பேசினார். அவருடைய குடும்பம் இந்த ஆற்றங்கரையைச் சேர்ந்தது. “அந்த மாளிகையின் முன்வாசல் வழியாக என் பாட்டியின் பாட்டி ஒரு நாளும் நுழைந்ததில்லை. என் கட்டுரை மட்டும் ஏன் முன்வாசலில் தொடங்க வேண்டும்?” என்று கேட்டார். நான் எத்தனை அரண்மனைகளை, கோட்டைகளை, செட்டிநாட்டு வீடுகளை முன்வாசலிலிருந்து எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான்.

அப்புறம் பேச்சு நாட்டவே மாளிகைக்குப் போனது. 1859ல் கட்டி முடித்தது, 64 அறைகள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் கட்டி, அண்மைவரை நின்ற பண்ணை மாளிகைகளில் தெற்கிலேயே பெரியது. ஹோட்டலாகவும் கல்யாண மாளிகையாகவும் நடந்துவந்தது, இந்த மே 15ஆம் தேதி தீப்பிடித்து எரிந்துபோனது. எரிந்த செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் ஏராளம், அழுதவர்களும் உண்டு. இந்த மாதிரி மாளிகைகளில் கல்யாணம் நடத்துவது பற்றி இங்கே பல வருஷமாகவே சண்டை. 2019 டிசம்பரில் படங்கள் பகிரும் பின்டரெஸ்ட், கல்யாண ஏற்பாட்டுக்கான தி நாட் என்ற இரண்டு இணையதளங்களும் பண்ணைக் கல்யாணங்களை முன்னிறுத்துவதைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்தன. எரிந்ததில் சந்தோஷப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கட்டிய கைகளின் தடயமும் அந்த வீட்டில்தான் இருந்தது. அதற்காக வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாநாடு முடிந்து எங்களைப் பேருந்தில் ஆற்றங்கரைச் சாலைக்கு அழைத்துப் போனார்கள். பெயர்தான் ஆற்றங்கரைச் சாலை, ஆறு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத்துக்குப் பயந்து எழுப்பிய உயரமான கரை மறைத்துவிடுகிறது. ஒரு பக்கம் அந்தக் கரை, மறு பக்கம் கரும்பு. நம் கவுந்தப்பாடிப் பக்கம் மாதிரியே கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு! இப்போது அறுவடைக் காலம். கட்டிங் மெஷின் வெட்டிப் போட, லாரிகள் ஆலைக்கு ஓடுகின்றன.

ஓக் ஆலி என்ற மாளிகையை நீ படத்தில் பார்த்திருக்கலாம். இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்காக 28 ஓக் மரங்கள், கிளைகள் மேலே கூடிப் பந்தல் போட்டு நிற்கின்றன. முடிவில் வெள்ளைத் தூண்கள் வைத்த வீடு. அழகுதான், நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு அங்கே கிடைத்த ஆள் ஆன்ட்வான். அடிமையாக இருந்த தோட்டக்காரர், ஒட்டுக் கட்டுவதில் வல்லவர். பெக்கான் என்று நம் பாதாம் மாதிரி ஒரு பருப்பு உண்டு, மரத்துக்கு மரம் காய் வேறுபடும். நல்ல ரகத்தைப் பெருக்க முன்பு முயன்று கைகூடாத வேலையை 1846-47 குளிர்காலத்தில் அவர் செய்துகாட்டினார். ஒரே ரகத்தில் 16 மரங்களை ஒட்டுக் கட்டி வளர்த்தார். அந்த ரகம் 1876ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்று ‘சென்டெனியல்’ என்று பெயரும் பெற்றது. பருப்புக்கு வைத்த பெயரில் ஆன்ட்வான் இல்லை. குடும்பப் பெயர்கூட இல்லாமல் அந்த ஒற்றைப் பெயர்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. இன்று அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களைக் குடிசைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே நின்ற நேரம், ஓக் மரத்தடியில் நின்றதைவிட அதிகம்.

இன்னொரு மாளிகை. பெயர் வேண்டாம். வழிகாட்டி முக்கால் மணி நேரம் சரவிளக்கு, வெள்ளிப் பாத்திரம், திரைச்சீலை என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ‘வேலையாட்கள் பின்னால் தங்கினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்தார். வேலையாள் என்றால் கூலி உண்டு, வேலையை விட்டுப் போகவும் முடியும். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு மறைந்துவிடுகிறது பார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

மறுநாள் விட்னி. வாலஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த அம்ப்ருவாஸ் ஹைடல் 1752ல் தொடங்கிய பண்ணை. முதலில் அவுரி பயிரிட்டார்கள், பிறகு கரும்பு. நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ஜான் கம்மிங்ஸ் இதை வாங்கிப் பல வருஷம் சீர்செய்து 2014 டிசம்பரில் திறந்தார். அடிமைகளாக இருந்தவர்களின் கதையை மட்டுமே மையமாக வைத்திருக்கும் பண்ணை இது. கருங்கல் சுவர்களில் பெயர்கள். இந்த லூசியானா மாநிலத்தில் அடிமைகளாக இருந்து ஆவணங்களில் பதிவானவர்கள் 1,07,000 பேர். வரலாற்றாளர் க்வென்டலின் மிட்லோ ஹால் நீதிமன்றப் பதிவுகளையும் சொத்துக் கணக்குகளையும் தோண்டித் தொகுத்த பட்டியல் அது. அந்தச் சுவர் வரிசைகளுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொரு இடம் குழந்தைகளுக்கு. அந்த வட்டாரம் ஒன்றில் மட்டும், 1820களிலிருந்து 1860கள் வரை அடிமைத்தனத்தில் பிறந்து இறந்த 2,200 குழந்தைகளின் நினைவிடம். நடுவில் ஒரு கறுப்புத் தேவதை, கையில் குழந்தை. பழனிச்சாமி, என்னால் அந்த இடத்தில் குறிப்பு எடுக்க முடியவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

குடிசைகளுக்குப் பக்கத்தில் கொப்பரைகளை வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய இரும்புக் கொப்பரைகள், நம் ஆலைக் கொட்டகையில் இருந்ததைவிட ஆழம் அதிகம். இவர்கள் முறை எப்படித் தெரியுமா? ஒரே அடுப்புச் சுவரில் கொப்பரைகளைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் பதித்து, அடியில் ஒரே நெருப்பு. பிரெஞ்சில் கிராந்த், ஃப்ளாம்போ, சிரோ, பாத்தரி என்று பெயர். கொதிக்கிற சாற்றை நீண்ட அகப்பையால் மொண்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஊற்ற வேண்டும். கடைசிக் கொப்பரையில் பதம். ஒரு அகப்பை தவறினால் கை கால் வெந்துபோகும். இந்த ஊரில் பனிக் காலம் சீக்கிரம் வந்துவிடும், உறைபனி விழுந்தால் கரும்பு கெட்டுவிடும். அதனால் அக்டோபர் தொடங்கியதும் இரவும் பகலும் ஆலை ஓடும், ஆட்கள் தூங்க முடியாது. பருத்திப் பண்ணையைவிடக் கரும்புப் பண்ணைக்கு விற்கப்படுவதற்கு அடிமைகள் ஏன் அதிகம் பயந்தார்கள் என்று கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றால் புரிகிறது.

இனி உனக்கான செய்தி. நீ காலமெல்லாம் காவல் காத்தாயே, சாற்றைச் சுண்ட வைக்கும் அந்த நான்கு பாடி எவாப்பரேட்டர், அது வந்த வழி இந்த ஊர்தான்! நார்பர்ட் ரில்லியூ என்பவர் 1806ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரப் பண்ணைக்காரர், அம்மா அடிமையாக இல்லாத கலப்பினப் பெண். பாரிஸில் பொறியியல் படித்து அங்கேயே பாடமும் நடத்தினார். மூடிய பாத்திரத்தில் சாற்றைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியை வீணாக்காமல் அடுத்த பாத்திரத்தைச் சூடாக்க அனுப்புவது, அடுத்ததில் அழுத்தத்தைக் குறைத்து வைத்துக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கச் செய்வது. உனக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. 1843ல் காப்புரிமை வாங்கினார். விறகுச் செலவு குறைந்தது, சர்க்கரை வெளுத்தது, அகப்பையால் மொள்ளும் வேலையும் போயிற்று. பண்ணைக்காரர்கள் அவருடைய இயந்திரத்தை விரும்பி வாங்கினார்கள், ஆனால் அவரைச் சமமாக உட்கார வைக்கவில்லை. திரும்பவும் பாரிஸுக்கே போய் 1894ல் அங்கேயே இறந்தார். உங்கள் ஆலையில் யாராவது இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா? பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நீ இனிமேல் சொல்.

இந்தக் கரையில் அடிமைகளாக இருந்தவர்கள் சும்மா தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1811 ஜனவரி 8ஆம் தேதி இரவு சார்ல்ஸ் டெலோன்ட் என்பவர் தலைமையில் கிளம்பினார்கள். சுமார் ஐந்நூறு பேர்வரை சேர்ந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். இரண்டே நாளில் கிளர்ச்சி அடக்கப்பட்டது. கொல்லப்பட்ட கிளர்ச்சிக்காரர்களின் தலைகளை இதே ஆற்றங்கரை நெடுகக் கழியில் நட்டு வைத்தார்கள். அந்தக் கிளர்ச்சி தொடங்கிய உட்லண்ட் பண்ணை வீட்டை 2024ல் ஜாய் பேனர், ஜோ பேனர் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கியிருக்கிறார்கள். இவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். பழைய பண்ணை நிலங்களில் இன்று எண்ணெய், ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. புகைபோக்கிக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர்களில் அந்த வாரிசுகள் நிறைய. வாலஸில் பிரம்மாண்டமான தானியக் கிடங்கு ஒன்று வர இருந்ததை எதிர்த்து இந்தச் சகோதரிகள் விடாமல் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதைக் கேட்டபோதுதான் இந்தப் பயணத்தில் முதல் தடவையாக மனசு லேசானது.

பேருந்தில் திரும்பும்போது நான் யோசித்துக்கொண்டு வந்தது உங்கப்பா ஆலைக் கொட்டகையைத்தான். அடிமைத்தனத்தோடு அதைச் சமமாக வைக்கவில்லை, தவறாக நினைக்காதே. உங்கப்பா கூலி கொடுத்தார், மரியாதையாகவும் நடத்தினார். ஆனால் கொப்பரையில் நின்று பதம் பார்த்தாரே ஒருவர், இடது முழங்கையில் பெரிய வடு இருக்கும், நமக்குப் பாகு ஊற்றும்போது சூடு பார்த்து ஊற்றுவார், அவர் பெயர் எனக்கு ஞாபகமே வரவில்லை. எல்லோரும் ‘கொப்பரைக்காரரே’ என்றுதான் கூப்பிட்டோம். சக்கை காயப்போட்ட அந்த இரண்டு அக்காக்கள்? அடுப்புக்குத் தீ தள்ளியவர்? ஒரு பெயரும் வரவில்லை. உங்கப்பாவின் கூலிக் கணக்கு நோட்டு, சிவப்புத் துணி அட்டை போட்டது, இன்னும் பரண்மேல் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வை. இல்லாவிட்டால் தங்கச்சியிடமும் தெற்கு வளவுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். இரண்டு பாக்கெட் பெக்கான் பருப்பு வாங்கியிருக்கிறேன், ஒன்று உனக்கு.

அன்புடன்,
வேலுச்சாமி