‘பழுது இல்லை’ என்பது பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் ஜெட் விமானங்களில் திடீரென வந்து மறையும் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ‘சோதித்தோம், பழுது இல்லை’ என்று சொல்லி மறுபடி பறக்க விடுவதுதான் பேராபத்து. 2011 மே மாதம் கோலாலம்பூரை நெருங்கிய ஃபால்கன் 7எக்ஸ் விமானம் ஒன்று, விமானி ஒன்றும் செய்யாமலே மூக்கை உயர்த்தி, சுமார் 13,000 அடியிலிருந்து 22,500 அடிக்கு ஏறியது. அந்த வகை விமானங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கடைசியில் பார்த்தால், வால் சிறகை இயக்கும் மின்னணுப் பெட்டிக்குள் ஒரு உதிரிப்பாகத்தின் ஊசிக்காலை ஒட்டிவைக்கும் ஈயப் பற்று சரியில்லை.

வானொலி திருத்தும் எனக்கு இது நன்றாகவே தெரியும். பார்வைக்கு ஈயம் பளபளவென்று இருக்கும். சூடேறினால் விட்டுவிடும், ஆறினால் பழையபடி பாடும். காரணம் அகப்படாத கோளாறு பதிவான விமானத்தை, அது அகப்படும்வரை மட்டக்களப்பு உட்பட எங்கள் விமான நிலையங்களில் இறங்க இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அனுமதிக்கக் கூடாது.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு